செவிலியர் படிப்பு: ஓராண்டோடு நிற்பதா, தொடர்வதா?

அமெரிக்காவில் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் தேர்வெழுதி உரிமம் பெறுபவர் எல்பிஎன் எனப்படும் நடைமுறைச் செவிலியர். டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களில் இவரையே எல்விஎன் என்பர். இரண்டாண்டு இணைப்பட்டமோ நான்காண்டு இளநிலைப் பட்டமோ முடித்து, அதற்குரிய தனித்தேர்வில் தேறியவர் ஆர்என் எனும் பதிவுபெற்ற செவிலியர்.

வேறுபாடு ஊதியத்தோடு முடிவதில்லை. முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் கண்டால், நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் எடுத்து உடனே தெரிவிப்பது எல்பிஎன்னின் பணி. அவற்றைக் கொண்டு நோயாளியின் நிலையை முழுமையாக மதிப்பிட்டு, பராமரிப்புத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு ஆர்என்னுடையது. இரத்தக்குழாயில் மருந்தை நேரடியாகச் செலுத்துவதற்கும் பல மாநிலங்கள் எல்பிஎன்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன.

குடும்பச் சூழலால் விரைவில் சம்பாதித்தாக வேண்டியவருக்கு ஓராண்டுப் படிப்பு பெரும் துணை. அதைத் தாழ்வாக எண்ணுவது நியாயமன்று. ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவு வேலைகள் பெரும்பாலும் ஆர்என்களுக்கே கிடைப்பதால், அவற்றை விரும்புவோர் எல்பிஎன்களை ஆர்என் ஆக்கும் இணைப்புப் படிப்பில் சேர்வதே நல்லது. சேருமுன், ஏற்கெனவே படித்த பாடங்களை அக்கல்லூரி ஏற்குமா என்பதையும், அதற்கு மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் உண்டா என்பதையும் எழுத்து மூலமாகவே கேட்டறிய வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, இணைப்பட்டத்தோடு புதிதாக உரிமம் பெறும் ஆர்என்களும் 10 ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற்றாக வேண்டும்.