ஒரு மாதத்துக்காக அச்சிட்ட தாள்

1933-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், சிகாகோவிலிருந்து 'எஸ்குவயர்' என்ற ஆண்கள் பத்திரிகை வெளிவந்தது. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வார இதழ் 5 சென்ட்டுக்குக் கிடைத்தது. இதன் விலையோ 50 சென்ட். ஆசிரியர் ஆர்னால்டு கிங்ரிச்சும் பதிப்பாளர் டேவிட் ஸ்மார்ட்டும் இதை முக்கியமாக ஆயத்த ஆடைக் கடைகள் வழியாக விற்கத்தான் திட்டமிட்டார்கள். பத்திரிகைக் கடைகளுக்குப் போனவை சொற்பம். அந்தச் சொற்பப் பிரதிகள் பறந்த வேகத்தைப் பார்த்து, ஆடைக் கடைகளுக்கு அனுப்பியவற்றையே திரும்ப வாங்கிப் பத்திரிகைக் கடைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். காலாண்டிதழாகத் தொடங்கியது, 1934 ஜனவரியில் இரண்டாவது இதழிலேயே மாத இதழாகிவிட்டது.

அந்தக் கால எஸ்குவயரைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1936 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் இதழ்களில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு தன் மனமுறிவைப் பற்றி எழுதிய கட்டுரைகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் இதழில் ஹெமிங்வேயின் கிளிமஞ்சாரோ சிறுகதை வந்தது. இவற்றையெல்லாம் இன்று புத்தகமாக வாங்கிவிடலாம். ஆனால் பக்கத்திலேயே கோட்டு விளம்பரமும் விஸ்கி விளம்பரமும் இருக்க, அதே தாளில் படிப்பது வேறு அனுபவம். அதற்காகத்தான் அவர்கள் அலைகிறார்கள். அடுத்த இதழ் வந்ததும் தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்துத் தயாரித்த பொருள், 90 ஆண்டுகளுக்குப் பிறகும் வழவழவென்று கைக்கு வருகிறது. கதைகளைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அதே 1930-களில் வந்த மலிவு விலைக் கதைப் பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 'பல்ப்' பத்திரிகைகள் என்று அவற்றுக்குப் பெயர். 1896-இல் ஃபிராங்க் மன்சி தன் 'ஆர்கோசி'யை மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிடத் தொடங்கியபோது பிறந்த வகை அது. இன்று ஒரு பழைய பல்ப் இதழைப் புரட்டினால் ஓரங்கள் பழுப்பேறிக் கிடக்கும். மூலையை மடித்தால் மடிப்பிலேயே ஒடிந்து, பொடிப்பொடியாக மடியில் உதிரும்.

தாளின் உயிர் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. மரத்தில் இந்தச் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பொருள். 1840-களில் ஜெர்மனியின் கெல்லர் கண்டுபிடித்த முறையில், மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கினார்கள். செலவு குறைந்தது, ஆனால் லிக்னின் முழுவதும் தாளுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் லிக்னின் நிறம் மாறும். நாளிதழை இரண்டு நாள் வெயிலில் போட்டால் மஞ்சளாவது இதனால்தான்.

மஞ்சள் நிறம் கண்ணுக்குத்தான் உறுத்தல். தாளைக் கொல்வது அமிலம். மை ஊறிப் பரவாமல் இருக்க, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தாளில் படிகாரத்தையும் மரப்பிசினையும் சேர்த்து வந்தார்கள். அந்தப் படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டுகிறது. சிதையும் தாள் மேலும் அமிலத்தை உண்டாக்க, வெட்டு வேகம் பிடிக்கிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகத் தாள் வளைவதை மறந்து ஒடியத் தொடங்குகிறது. ஒரு பத்திரிகையின் ஆயுள் அச்சகத்துக்குப் போகும் முன்பே, காகித ஆலையில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பது இதனால்தான்.

பழைய இதழைத் திறந்ததும் எழும் வாசனையும் இந்தச் சிதைவின் ஆவிதான். லிக்னின் உடையும்போது வெளிவரும் வனிலின், ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே மணம். செல்லுலோஸ் சிதைந்தால் ஃபர்ஃபியூரல் வருகிறது, கூடவே காடியின் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலமும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மதியா ஸ்ட்ரிலிச்சும் அவர் குழுவினரும், தாள் விடும் ஆவிகளை அளந்தே அது எந்த அளவு நலிந்திருக்கிறது என்று கணிக்கலாம் என 2009-இல் காட்டினார்கள். ஒரு துண்டைக்கூடக் கிழிக்காமல் செய்யக்கூடிய பரிசோதனை இது.

எஸ்குவயர் போன்ற இதழ்களின் பளபளப்புத் தாள் வேறு ஜாதி. அதன் இழைகளின் மேல் கயோலின் என்ற வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தித் தேய்த்திருப்பார்கள். அமெரிக்காவில் இந்த மண்ணுக்குப் பேர்போன இடம் ஜார்ஜியா மாநிலம். இழைகளின் மேடுபள்ளங்களைக் களிமண் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அதுதான் பளபளப்பு. இதழ் கையில் கனப்பதற்கும் இந்த மண்தான் காரணம். மைப்புள்ளி ஊறிப் பரவாமல் மேலேயே நிற்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒரு வண்ணப் பக்கத்தைப் பாருங்கள். கன்னத்தின் சிவப்பு என்று நினைத்தது காணாமல் போய், நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கே நிறப் புள்ளிகள் குட்டிக் குட்டிப் பூக்களாக அடுக்கியிருக்கும். புள்ளியின் விளிம்பில் மை பிதுங்கி அடர்ந்த வளையம் தெரிந்தால், உலோக அச்சை நேரடியாக அழுத்தி அச்சிட்டது. வளையம் இல்லாமல் சமனாக இருந்தால் ஆஃப்செட். பிற்கால நகலை அசல் என்று விற்க வருபவரைச் சேகரிப்பாளர்கள் பிடிப்பது இப்படித்தான்.

நிறங்களும் ஒன்றுபோல் மூப்படைவதில்லை. முடிதிருத்தகச் சுவரில் வெயில் படும் இடத்தில் தொங்கும் பழைய சினிமாப் படம் வெறும் நீலமாகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கின்றன. தாலோசயனின் என்ற நீல நிறமி அசையாமல் நிற்கிறது. 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகக் கண்ணில் பட்டு, 1935-இல் சந்தைக்கு வந்த நிறமி அது.

பளபளப்புத் தாளுக்கும் ஒரு பலவீனம் உண்டு: தண்ணீர். களிமண்ணைப் பிடித்திருக்கும் பசை நனைந்தால் இளகி, காயும்போது பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒரு முறை அப்படிக் காய்ந்தால் இதழ் செங்கல்தான், பிரிக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்த இத்தகைய தாளைக் காப்பகத்தார் உலர்த்த முயலாமல், சில மணி நேரத்துக்குள் உறைய வைக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிப் போகிறது; பக்கங்கள் ஒட்டுவதில்லை.

இத்தனையும் தாண்டிய பிரதிகளில் பலவற்றை மனிதக் கைகள் முடித்துவைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீடுகளிலிருந்து பழைய தாளை மூட்டை மூட்டையாகத் திரட்டிக் கூழாக்கினார்கள். நூலகங்கள் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பல சமயம் பிய்த்து எறிந்தன. இன்றும் சில வியாபாரிகள் ஒரு முழு இதழைப் பிரித்து, விளம்பரங்களைத் தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்கிறார்கள். இது எனக்குச் சற்றும் ஒப்புதல் இல்லாத காரியம். கதையும் ஓவியமும் மறுபதிப்பில் வந்துவிடும். தொப்பி விலையும் ஷேவிங் சோப்பு விளம்பரமும் எந்தத் தொகுப்பிலும் வராது. ஒரு காலத்து ஆண்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு அவையே சாட்சி.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய இதழ்கள், எந்த மொழியிலானாலும், இருக்கக்கூடும். சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பமே 28 டிகிரியைத் தாண்டும். காப்பகங்கள் நாடுவது 20 டிகிரிக்குக் கீழே. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் சிதைவின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே ஓட்டுக்குக் கீழே சூடேறும் பரணிலிருந்து முதலில் இறக்குங்கள். வெளிச்சமும் ஈரச் சுவரும் படாத அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதுவே அமிலம் விடும். பாலியெஸ்டர் உறை நல்லது. இதழைத் தைத்திருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் அதை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். கிழிந்த பக்கத்துக்குச் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள்: சில பத்தாண்டுகளில் டேப் உரிந்து விழும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும்.