டியூபைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்க!

ஏற்காடு போயிருக்கிறீர்களா குட்டீஸ்? சேலத்தில் இருந்து பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றி இறங்கினால் ஜில்லென்று ஏரி. அந்த ஏரிப் பக்கத்துக் கடையில் பற்பசை விற்கிறார்கள். சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கும் பொம்மிடியிலும் அதே பற்பசைதான் விற்கிறார்கள். அதே டியூப், அதே விலை, டிவியில் அதே விளம்பரம்.

ஆனால், "எங்கள் வீட்டுக்கு எந்த பேஸ்ட் நல்லது?" என்று இரண்டு ஊர்க் குழந்தைகளும் கேட்டால், விவரமான பல் டாக்டர் உடனே பெயர் சொல்ல மாட்டார். "நீ எந்தத் தண்ணீர் குடிக்கிறாய்?" என்றுதான் கேட்பார்.

பேஸ்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதன் பெயர் புளோரைடு.

பற்பசையில் அழுக்கைத் தேய்த்து எடுக்க நைசான தூள் இருக்கும். நுரை வர ஒரு பொருள், வாசனைக்குப் புதினாவோ கிராம்போ, இனிப்புச் சுவைக்கு ஒன்று. நுரை நிறைய வந்தால் பல் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம். தேய்ப்பது பிரஷ்தான்! சொத்தையைத் தடுக்கும் வேலையைச் செய்வது புளோரைடு. நாம் மிட்டாய் தின்றால், வாயில் உள்ள கிருமிகளும் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லின் மேல் உறையான எனாமலை அரிக்கும். அரித்த இடத்தில் தாதுக்கள் மறுபடி படிந்து கெட்டியாக உதவுவது புளோரைடு.

அப்படியானால் புளோரைடு நிறைய இருந்தால் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். ஈறுக்குள் பல் உருவாகிக் கொண்டிருக்கும் சின்ன வயதில், அளவுக்கு அதிகமான புளோரைடு வயிற்றுக்குள் போனால், முளைக்கும் பல்லே வெள்ளைத் திட்டோடு வரும். இன்னும் அதிகமானால் மஞ்சள், பழுப்பு நிறக் கறை. இதற்குப் பல் புளோரோசிஸ் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பாதிக்கும்.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த கதை, துப்பறியும் கதை மாதிரி இருக்கும். 1901ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் வந்தார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நிறையப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. தேய்த்தாலும் போகவில்லை. ஆனால், அந்தப் பற்களில் சொத்தை மட்டும் குறைவு! ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மெக்கேவுக்குத் தண்ணீர் மீதுதான் சந்தேகம். ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். ஓக்லி என்ற ஊரில், வெந்நீர் ஊற்றில் இருந்து புதுக் குழாய் போட்ட பிறகுதான் கறை வந்தது என்று அம்மாக்கள் சொன்னார்கள். "அந்தக் குழாயை விட்டு விடுங்கள்" என்றார் மெக்கே. வேறு தண்ணீருக்கு மாறினார்கள். அதன் பிறகு வளர்ந்த குழந்தைகளுக்குப் பளிச்சென்று பல் முளைத்தது!

ஆனால், தண்ணீரில் இருப்பது என்ன? அது யாருக்கும் தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்தது இன்னொரு ஊரில். அந்த ஊரின் பெயரே பாக்சைட். ஆம், அலுமினியம் எடுக்கிற அதே பாக்சைட் கல்தான். அங்கே அலுமினியக் கம்பெனியின் சுரங்கம் இருந்தது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் கறைப்பல். கம்பெனியின் ரசாயன நிபுணர் சர்ச்சில், 1931ல் அந்தத் தண்ணீரை நுட்பமான கருவியில் சோதித்தார். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 13.7 பங்கு புளோரைடு! ஆசாமி பிடிபட்டார்.

நம் ஏற்காட்டிலும் பாக்சைட் உண்டு, தெரியுமா? அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பி வந்தார்கள். அந்தக் காலத்தில் பேஸ்ட் டியூபே அலுமினியத்தில்தான் வரும். நசுக்கினால் நசுங்கியபடியே நிற்கும். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: அமெரிக்க ஊரில் குழந்தைகளின் பல்லைக் கெடுத்தது ஆழ்கிணற்றுத் தண்ணீர், பாக்சைட் கல் இல்லை. ஏற்காட்டுக்காரர்கள் கல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்!

மலையில் ஊறி ஓடி வரும் தண்ணீர் பாறையோடு அதிக நாள் தங்குவதில்லை. அதனால் பொதுவாக அதில் புளோரைடு குறைவு. கீழே, ஆழமான போர்வெல் தண்ணீர் கடினப் பாறை இடுக்குகளில் வெகுகாலம் தேங்கி, பாறையில் உள்ள புளோரைடைக் கரைத்துக் கொள்கிறது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களுக்கு இந்தப் பிரச்னை உண்டு. காவிரி நீரைக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'புளோரோசிஸ் தடுப்பு' என்ற சொல் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு தீட்டப்பட்ட இந்தத் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013ல் தொடங்கி வைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இதன் மூலம் காவிரி நீர் வருகிறது.

இப்போது ஒரு கணக்கு. நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்டில் புளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு பேஸ்ட் என்றால் சுமார் கால் கிராம்; அதில் கால் மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். ஒரு கிணற்றில் 3 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இரண்டு லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம். 24 பட்டாணி பேஸ்டை விழுங்கியதற்குச் சமம்! பேஸ்டையாவது துப்பி விடுகிறோம், தண்ணீரைத் துப்புவோமா?

சரி, கடையில் எதைப் பார்ப்பது? தண்ணீரில் புளோரைடு குறைவு என்றால், புளோரைடு உள்ள பேஸ்ட்தான் பல்லுக்குக் காவல். எத்தனை பி.பி.எம். என்பதை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டிருப்பார்கள். காலாவதி தேதியும் இருக்கும். மூலிகை பேஸ்ட் பலவற்றில் புளோரைடு இருக்காது. படித்துப் பார்த்து வாங்குங்கள். டியூபின் அடியில் உள்ள பச்சை, நீலக் கட்டத்தை வைத்து 'இது இயற்கை, இது ரசாயனம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டியூபை எங்கே வெட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது!

விளம்பரத்தில் பிரஷ் முழுக்க பேஸ்ட் வைப்பார்களே, அது அழகுக்கு. உங்களுக்குப் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி, தங்கைக்கு ஓர் அரிசி அளவு. ஸ்ட்ராபெர்ரி சுவை என்றால் வாண்டுகள் விழுங்கி விடுவார்கள். பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள். உங்கள் நிலைப்பற்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டு வயதுக்குள் எனாமல் உருவாகி விட்டது. கறை ஆபத்து இனி அவர்களுக்குத்தான். தண்ணீரில் புளோரைடு அதிகம் உள்ள ஊர் என்றால், சின்னக் குழந்தைகளுக்குப் புளோரைடு இல்லாத பேஸ்டை டாக்டர் சொல்லக்கூடும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் வகுப்பிலும் பழுப்புக் கறைப் பல்லோடு ஒரு நண்பன் இருக்கலாம். அவன் பல் தேய்க்காதவன் இல்லை. ஒருவேளை உங்களை விட அதிகமாகவே தேய்ப்பான்! கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எந்த 'வெண்மை' பேஸ்டும் அதைப் போக்காது. சாம்பல், செங்கல்தூள், உப்பு போட்டுத் தேய்த்தால் இருக்கிற எனாமலும் தேய்ந்து போகும். பல் டாக்டரால் கறையை மறைக்க முடியும்.

கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும்போது, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சோதித்தால்தான் தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன; அப்பாவையோ அம்மாவையோ தண்ணீர் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.