வொனெட்டா ஃபிளவர்ஸின் தங்கம்
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பனி அரிதாகவே விழும் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர் வொனெட்டா ஃபிளவர்ஸ். நீளம் தாண்டும் வீராங்கனை. 2000ஆம் ஆண்டிலும் கோடைக்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்காத நிலையில்தான், பாப்ஸ்லெட் எனும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிக்கு ஆள் தேடும் துண்டறிக்கை கண்ணில் பட்டது. அந்தப் போட்டிக்கு முதல் சில நொடிகளே உயிர்நாடி. கனமான வண்டியை முழு வேகத்தில் தள்ளி ஓடி, தாவி ஏற வேண்டும். ஓட்டமும் தாவலும் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே!

பெண்கள் பாப்ஸ்லெட் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2002இல், சால்ட் லேக் சிட்டியில். ஜில் பேக்கன் வண்டியைச் செலுத்த, பின்னாலிருந்து தள்ளி ஏறினார் வொனெட்டா. இருவருக்கும் தங்கம். ஆண்களையும் சேர்த்து, குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் வொனெட்டாதான்.