ஒரு வாரக் கடலும் நான்கு மணி வானும்

நாகூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு நீரன்றி வேறெதுவும் தெரியாது. ஆயினும் அந்நீருக்கு அப்பால், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில், 1828-30 ஆண்டுகளில் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. இக்கரை மக்கள் அக்கரையில் வாழ்ந்த பழமைக்கு அதுவே சான்று.

அந்நாளில் கப்பலே வழி. 1973 வரை 'ரஜூலா'வும், பின்னர் 'சிதம்பரம்' கப்பலும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடின. நாகையில் கப்பல் கரையணையாது. படகேறிச் சென்றே அதனை அடைய வேண்டும். பயணமோ ஏறத்தாழ ஒரு வாரம். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் அப்போக்குவரத்தும் முடிவுற்றது.

இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியே சுமார் 3,000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணியளவே. ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்புவோர் மயங்குவர். சிங்கப்பூர் நேரம் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. நள்ளிரவு ஒரு மணிக்குப் புறப்படுபவர் அங்கே காலை ஏழரைக்கு இறங்குவார். இரவு எட்டுக்கு அங்கிருந்து கிளம்புபவரோ ஒன்பதரைக்கே திருச்சியில் இருப்பார்!

அன்பர்களே, தந்தையின் மரணத்தைத் தந்தியில் அறிந்தும் வர இயலாது அழுத மகன்கள் அன்று பலர். இன்றோ அடக்கத்திற்கு ஓடிவர முடிகிறது. அந்த நான்கு மணி நேரத்தை, தந்தை கண்திறந்து முகம் பார்க்கும் நாளிலேயே செலவிடலாகாதா?