எடை கூடிய பிள்ளைகள், சத்துணவை இழந்த பிள்ளைகள்... ஊரடங்கின் இரண்டு முகங்கள்!

2020 மார்ச் மாதம் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, 'ஜாலி... லீவு!' என்று குதித்த பிள்ளைகள் ஏராளம். அவர்களில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படித்தவர்கள் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். அந்த 19 மாத இடைவெளி, படிப்போடு சேர்த்துப் பிள்ளைகளின் உடலையும் மாற்றிவிட்டது.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது காட்டுப்பள்ளி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒருபக்கம். மீனவக் குடியிருப்புகள் மறுபக்கம். மாதச் சம்பளக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி, மீன்பிடித்துப் பிழைப்பவர் என எல்லோரும் வாழும் இதுபோன்ற பகுதிகளில், ஊரடங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருந்திருக்க வழியில்லை.

எடை ஏறியது எப்படி?

பள்ளி நாள் என்றால் நடை, சைக்கிள், இடைவேளை ஓட்டம், பி.டி. பீரியட் என்று தெரியாமலே உடற்பயிற்சி நடந்துவிடும். ஊரடங்கில் அத்தனையும் நின்றது. ஆன்லைன் வகுப்பு, அது முடிந்ததும் அதே செல்போனில் கேம்ஸ். சமையலறை பத்தடி தூரத்தில். பசி எடுக்காமலே முறுக்கும் சிப்ஸும் உள்ளே போயின.

இத்தாலியின் வெரோனா நகரில், ஏற்கெனவே உடல் பருமன் உள்ள 41 பிள்ளைகளை, ஊரடங்கு தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஆய்வு செய்தார்கள். திரை பார்க்கும் நேரம் நாளுக்கு 5 மணி நேரம் வரை கூடியிருந்தது. விளையாட்டு வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. சிப்ஸ், சர்க்கரை பானங்கள் அதிகமாகியிருந்தன.

அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையிலான 4.3 லட்சம் பேரின் பதிவுகளை அலசியதில், பி.எம்.ஐ. உயரும் வேகம் கொரோனா காலத்தில் ஏறத்தாழ இரு மடங்கானது தெரியவந்தது. ஏற்கெனவே எடை அதிகம் இருந்த பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பும் அதிகம்.

மதியத் தட்டு காலியானது!

இன்னொரு முகமும் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அன்றாடம் உறுதியாகக் கிடைக்கும் நல்ல சாப்பாடு, முட்டையுடன் கூடிய சத்துணவுதான். பள்ளி மூடியதும் அந்தத் தட்டும் போனது. பிறகு அரிசி, பருப்பு, முட்டை என உலர்பொருளாக வழங்கப்பட்டது. ஆனால், பள்ளியில் பிள்ளையின் தட்டில் விழும் சாப்பாடு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே. வீட்டுக்கு வரும் அரிசி, குடும்பம் முழுவதற்கும். வேலையும் கூலியும் நின்றுபோன வீட்டில் முதலில் காணாமல் போவது காய்கறியும் பழமும் பாலும்தான். வயிறு நிரம்பினாலும் சத்து சேராது.

சத்துணவைச் சாப்பாடாக மட்டும் பார்க்கக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடும் பழக்கத்தைக் கொடுப்பதும் அதுதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. காலையில் பட்டினியாக வரும் பிள்ளைக்கு அது பெரிய பலம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் வேண்டாம்; கபடி, ஸ்கிப்பிங், சைக்கிள் போதும்.
* சாப்பிடும்போது போனும் டி.வி.யும் வேண்டாம்.
* வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு எடையைக் குறைக்காதீர்கள். பாக்கெட் தீனியையும் குளிர்பானத்தையும் குறைத்து, சுண்டல், வேர்க்கடலை, பழம் கொடுங்கள்.
* எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடையா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* 'குண்டு', 'ஒல்லி' என்ற கிண்டலை வீட்டிலேயே நிறுத்துங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்குப் பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள். விட்டுப்போன பாடத்தை அடுத்த வாரம்கூட நடத்திக்கொள்ளலாம். ஓடியாட வேண்டிய வயது திரும்பி வராது.