அகழிக்குள் ஐந்து மகால்கள்

திமிரியிலிருந்து ஆற்காடு போய் பஸ் மாறினால் வேலூர்க் கோட்டை. ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழியோரப் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, பொழுது சாய்ந்ததும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிவிடும். அதே மதிலுக்குள் ஐந்து அரண்மனைகள் நிற்பது பலருக்குத் தெரியாது.

ஐதர் மகால், திப்பு மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால். 1799-ல் திப்பு சுல்தான் போரில் மடிந்தபின் அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் சிறைவைத்தது இந்தக் கோட்டையில்தான். 1806 ஜூலையில் திப்பு மகள் ஒருத்தியின் கல்யாணத்துக்குக் கூடியதுபோல், ஆங்கிலேயர் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் திரண்டார்கள். திருநீறும் நாமமும் கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை தைத்த புதுத் தொப்பிதான் போட வேண்டும் என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. 10-ஆம் தேதி விடியுமுன் துப்பாக்கி வெடித்தது, மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி அன்று காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டுக்குள் அடுத்த கைதி வந்தார்: கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். 1832-ல் இங்கேயே கண்மூடினார்.

இத்தனை கதை உள்ள அரண்மனைகளை மீட்டுக் காட்டுவது முடியாததல்ல. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே பாவ்லோவ்ஸ்க் என்றோர் அரண்மனை உண்டு. அதன் பூங்கா மட்டுமே சுமார் 600 ஹெக்டேர். அதைக் கட்டிய பாவெல் மன்னர், திப்புவின் குடும்பம் வேலூரில் அடைபட்டிருந்த 1801-ல், ஆங்கிலேயரை விரட்ட இந்தியாவை நோக்கிக் கொசாக் குதிரைப்படையை அனுப்பியவர். அவர் கொலையுண்டதும் படை வழியிலேயே திரும்பிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் விலகியபோது அந்த அரண்மனை எரிந்து, சுவர்களே மிஞ்சின. பூங்காவில் சுமார் 70,000 மரங்கள் அழிந்திருந்தன. முன்பே மண்ணில் புதைத்துக் காத்த சிலைகளைத் தோண்டியெடுத்து, பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் உழைத்துக் கூடம் கூடமாக மீட்டார்கள்.

வேலூரில் அவ்வளவு பாடு இல்லை. சுவர்கள் நிற்கின்றன. நெடுங்காலம் அரசுப் பணிகளுக்கே பயன்பட்ட இம்மகால்களில் ஒன்றையாவது முழுமையாகச் செப்பனிட்டு, யார் எந்த அறையில் எப்படிக் காலம் கழித்தார்கள் என்று மக்கள் நடந்து பார்க்கும்படி செய்ய வேண்டும். தமிழ், உருது, சிங்களம் மூன்றிலும் பலகை வையுங்கள். கண்டி அரசரின் நினைவிடமான பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்கும் கோட்டை வாசலிலிருந்தே ஒரு பஸ் விடுங்கள்.