செத்த பேட்டரிக்குள் மூணு பேர் உயிரோடு!

பரணில் கிடந்த ரிமோட் காரை ஆசையாக எடுத்து, சார்ஜ் போட்டு ஓட்டினால்... இரண்டே நிமிடத்தில் படுத்துவிடுகிறதா? உடனே பேட்டரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், குட்டீஸ். பல நேரங்களில் செத்திருப்பது அதில் ஒரே ஒரு செல்தான்!

பிளாஸ்டிக் உறைக்குள் பல சின்னச் செல்கள், ரயில் பெட்டிகள் போல வரிசையாக இணைந்திருக்கும். நிக்கல் வகை என்றால் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட். உறையில் 4.8 வோல்ட் என்று போட்டிருந்தால் உள்ளே எத்தனை செல்? வகுத்துப் பாருங்கள். நான்கு!

சரி, ஒன்று மட்டும் ஏன் கெடுகிறது? நான்கில் ஒன்று சற்றே நோஞ்சானாக இருக்கும். கார் ஓட ஓட அது முதலில் காலியாகிவிடும். மற்ற மூன்றும் சும்மா இருக்குமா? காலியான செல் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும். அப்போது அதன் பிளஸ் மைனஸாகவும், மைனஸ் பிளஸாகவும் தலைகீழாகிவிடும்! சில முறை இப்படி நடந்தால் அந்தச் செல் அவ்வளவுதான். கார் ஊர்ந்து போகும்போதும், 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று ஓட்டுகிறோமே... அதன் விளைவு இது.

சோதிக்கும் முன் லேபிளைப் படியுங்கள். 'என்.ஐ.' என்ற எழுத்துகள் இருந்தால் நிக்கல். 'எல்.ஐ.' என்றோ, 3.7 அல்லது 7.4 வோல்ட் என்றோ இருந்தால் லித்தியம். பழைய லித்தியம் பேட்டரிக்கு உயிர் கொடுக்கப் பார்த்தால் தீப்பிடிக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். நிக்கல் பேட்டரியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளிருந்து கசிந்த காரம் அது, தோலை அரிக்கும்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த நிக்கல் பேட்டரியை நிதானமாக சார்ஜ் செய்ய வேண்டும். 700 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி என்றால், 70 மில்லி ஆம்பியர் தரும் சார்ஜரில் 14 முதல் 16 மணி நேரம். பத்து மணி நேரம் போதாதா என்று கணக்குப் புலிகள் கேட்பீர்கள். மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிவிடுமே! பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போது, காலையிலேயே போடுங்கள். கை சுடும் அளவுக்குச் சூடானால் உடனே நிறுத்திவிடுங்கள். இரண்டு, மூன்று முறை சார்ஜ் செய்து ஓட்டிய பிறகே தூங்கிய செல்கள் முழுதாக விழிக்கும்.

அப்புறமும் சண்டித்தனம் செய்தால் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்தும், நல்ல நான்கு செல் பேட்டரி 5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 4 வோல்ட்தான் வருகிறதா? ஒருவர் காலி, மூவர் நலம்!

நண்பனிடமும் இப்படியொரு பழைய பேட்டரி இருந்தால் அதிர்ஷ்டம்தான். இரண்டிலும் உள்ள நல்ல செல்களைச் சேர்த்து ஒன்றாக்கலாம். ஆனால் சால்டரிங் வேலை எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குடையது. மிஞ்சிய செத்த செல்லைக் குப்பையில் போடாதீர்கள். நிக்கல் காட்மியம் வகையில் உள்ள காட்மியம், மண்ணிலும் நீரிலும் கலக்கும் விஷம். பழைய பேட்டரிகளைத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெற வேண்டும் என்று இந்தியாவில் 2022-இல் விதியே வந்துவிட்டது.